நாய், பூனைகளின் மருத்துவக் குறிப்புகள் இழுப்பறையில் தூங்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள கால்நடை கிளினிக்குகளில் தினமும் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவக் குறிப்பு எழுதப்படுகிறது. பிராணி குணமாகி வீட்டுக்குப் போனதும் அந்தக் குறிப்பின் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறோம். அது கணினியில் கிடக்கிறது, அல்லது அட்டையில் எழுதி இழுப்பறைக்குள் போகிறது. அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் படித்தால் நம் ஊர் வளர்ப்புப் பிராணிகளுக்கு எந்த நோய், எந்த வட்டாரத்தில், எந்த வயதில் வருகிறது, எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சொல்லலாம். இன்றைய நிலையில் அப்படிச் சொல்ல முடியாது. தகவல் குறைவாக இருப்பது இதற்குக் காரணமல்ல, எழுதும் விதமே காரணம். அதை எப்படிச் சரிசெய்வது என்று கிளினிக் நடத்துவோருக்கும் பிராணி வளர்க்கும் வாசகர்களுக்கும் விளக்கவே இக்கடிதம்.

மற்ற நாடுகளில் இது பழைய வேலை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1963-லேயே இரண்டு மாவட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளின் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் முயற்சியில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பதிவுகள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டன. பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் சாவ்ஸ்நெட் திட்டமும், லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் வெட்காம்பஸ் திட்டமும் சாதாரணக் கிளினிக்குகளின் குறிப்புகளையே நம்பி நடக்கின்றன. சாதாரணக் கிளினிக் என்பதுதான் இதில் முக்கியம். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போவது சிக்கலான நோய் கண்ட பிராணி, அதுவும் செலவு செய்ய முடிந்தவரின் பிராணி. அங்குள்ள பதிவுகளை மட்டும் பார்த்தால் அரிய நோய்கள் பெருகிவிட்டதுபோலத் தோன்றும். இங்கிலாந்தின் சாதாரணக் கிளினிக்குகளுக்கு வந்த 3,884 நாய்களின் குறிப்புகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில் முதலிடம் பிடித்தது காது அழற்சி, 10.2 விழுக்காடு. அடுத்தது பல் ஈறு நோய், 9.3 விழுக்காடு. நாயைத் தினமும் வருத்துவது எது என்பதை இப்படித்தான் கண்டுகொள்ள முடியும்.

இன்னோர் ஆய்வு நம் வெயிலுக்கு நேரடியாகப் பொருந்தும். வெப்பத்தால் நாய்கள் சுருண்டு விழுவது பூட்டிய காருக்குள் விட்டுப் போவதால்தான் என்றே பொதுவாக நம்புகிறோம். வெட்காம்பஸ் பதிவுகளில் பெரும்பாலான சம்பவங்களுக்குக் காரணம் நடையும் ஓட்டமும் விளையாட்டும். கார் அதற்கு வெகு பின்னால். குளிர்நாட்டிலேயே இப்படி என்றால், காலை பத்து மணிக்கு எஸ்பிளனேட் திடலில் தட்டைமூக்கு புல்டாக் நாயை நடத்திக்கொண்டு போவதன் ஆபத்து எவ்வளவு என்று இங்கே யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணுவதற்கு வேண்டிய குறிப்புகள் கிளினிக்குகளில் இருக்கின்றன.

நோய் பரவுவதை உடனுக்குடன் பிடிக்கவும் பதிவுகள் உதவும். 2020 ஜனவரியில் பிரிட்டனில் நாய்களுக்குக் கடும் வாந்தி பரவியபோது, கிளினிக்குகளிலிருந்து வந்துகொண்டிருந்த பதிவுகளில் வாந்திக் கணக்கு வழக்கத்தைவிட மேலே ஏறுவதை லிவர்பூல் குழு கண்டது. பிறகு மாதிரிகளைச் சோதித்து, நாய்களின் குடலைத் தாக்கும் ஒரு கொரோனா கிருமியோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2007-இல் வட அமெரிக்காவில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்த பிராணி உணவால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட ஒரு கால்நடை மருத்துவமனைக் குழுமத்தின் கணினிப் பதிவுகள் பாதிப்பின் அளவை மதிப்பிட உதவின. இதில் நமக்கு வலிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2004-இல், ஆசிய நாடுகள் பலவற்றில் நாய்கள் இதே விதமாகச் சிறுநீரகம் கெட்டு இறந்தன. பூஞ்சை நச்சு என்று அப்போது முடிவு செய்து கோப்பை மூடினார்கள். 2007-க்குப் பிறகு பழைய திசு மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டபோதுதான் மெலமினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் அதே படிகங்கள் அவற்றிலும் இருந்தது தெரிந்தது. யாரோ சிலர் அந்த மாதிரிகளையும் குறிப்புகளையும் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் மட்டுமே அந்த உண்மை வெளியே வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். பினாங்குக் கிளினிக்குகளில் நாய்க் குறிப்புகளைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘டிக் ஃபீவர்’, அதாவது உண்ணிக் காய்ச்சல். "ரெண்டு நாளா சாப்பிடல டாக்டர், மூலையிலேயே படுத்திருக்கு" என்று நாயைத் தூக்கி வருவார்கள். ஈறு வெளுத்திருக்கும், காய்ச்சல் இருக்கும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். மருத்துவர் ‘டிக் ஃபீவர்’ என்று எழுதி மருந்து கொடுப்பார். சிகிச்சைக்கு அந்தச் சொல் போதும், ஆய்வுக்குப் போதாது. பழுப்பு நாய் உண்ணி சுமந்து வருவது ஒரே கிருமியை அல்ல. எர்லிக்கியா, அனாப்ளாஸ்மா இரண்டும் பாக்டீரியா வகை. பபேசியா இரத்தச் சிவப்பணுவுக்குள் புகும் ஒட்டுண்ணி. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள் கொடுப்பது வழக்கம். அதே மருந்தால் பபேசியாவை ஒழிக்க முடியாது. பபேசியாவிலும் வோகெலி இனத்துக்கு இமிடோகார்ப் ஊசி கேட்கும். கிப்சோனி இனத்துக்கு அது சரியாகக் கேட்காது, அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள் கொடுக்க வேண்டும். இவை எல்லாமே ‘டிக் ஃபீவர்’ என்ற ஒரே பெயரில் பதிவாகியிருந்தால், டாக்சிசைக்ளின் கொடுத்தும் குணமாகாத நாய்கள் ஏன் குணமாகவில்லை என்று பத்தாயிரம் குறிப்புகளைப் படித்தாலும் பிடிபடாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா, மருந்தே வேறாக இருந்திருக்க வேண்டுமா, வீட்டுக்காரர் பத்தாம் நாளே நிறுத்திவிட்டாரா என்று பிரிக்க வழியில்லை.

சோதனையின் பெயரை எழுதாமல் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதுவது அடுத்த குறை. கிளினிக்கிலேயே பத்து நிமிடத்தில் செய்யும் அட்டைச் சோதனை, எர்லிக்கியாவைப் பொறுத்தவரை கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டுகிறது, கிருமியை அல்ல. நோய் குணமான பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதே அட்டையில் இருக்கும் இதயப்புழுச் சோதனை புழுவின் புரதத்தையே காட்டுகிறது. ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு கோடுகளுக்கு இரண்டு வெவ்வேறு பொருள். ‘எர்லிக்கியா, அட்டைச் சோதனை, எதிர்ப்பொருள், பாசிட்டிவ்’ என்று எழுத ஐந்து வினாடி கூட ஆகாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்திருந்தால் எந்த இனம் என்று ஆய்வகம் சொன்னதையும் சேர்த்து எழுத வேண்டும். நெகட்டிவ் வந்தாலும் எழுத வேண்டும். பாசிட்டிவை மட்டும் எழுதி நெகட்டிவை விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எத்தனை நாய்களைச் சோதித்து இத்தனை வந்தது என்ற கணக்கே அதனால் போய்விடுகிறது.

கணினியில் தேடினால் கிடைத்துவிடுமே என்று கேட்கலாம். தேடிப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். குட்டிகளுக்கு இரத்தப்போக்கோடு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ‘பார்வோ’ நோயின் பெயரைத் தேடுங்கள். தடுப்பூசி போட்ட ஒவ்வொரு குட்டியின் குறிப்பும் வந்து நிற்கும், ஏனென்றால் ஊசியின் பெயரிலேயே பார்வோ இருக்கிறது. ‘பார்வோ அல்ல’, ‘பார்வோவா என்று பார்க்க வேண்டும்’, ‘சோதனை நெகட்டிவ்’, ‘கூடப் பிறந்த குட்டி பார்வோவில் இறந்ததாகச் சொல்கிறார்’ எல்லாம் வரும். உண்மையாகவே பார்வோ கண்ட குட்டிகள் இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருக்கும். மறுபக்கம், ‘இரத்தப்போக்கோடு வயிற்றுப்போக்கு, 9 வாரக் குட்டி, ஊசி போடவில்லை, பார்’ என்று பாதியில் நிறுத்திய குறிப்பு தேடலில் சிக்காமலே போகும்.

ஆகவே தேடலை நம்புமுன் அளக்க வேண்டும். முறை எளிது. தேடலில் வந்த குறிப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் 200 எடுங்கள். இருவர், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து ‘ஆம், இல்லை, தெரியவில்லை’ என்று குறிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போகாத இடங்களை மூன்றாமவர் பார்க்க வேண்டும். 200-இல் 80 மட்டுமே உண்மையான நோய் என்று வந்தால் அந்தத் தேடலின் நம்பகம் 40 விழுக்காடுதான். அதோடு விடக்கூடாது. தேடலில் சிக்காத குறிப்புகளிலிருந்தும் 200 எடுத்துப் படிக்க வேண்டும். தவறவிட்டவை அங்கேதான் இருக்கும். இரண்டாவது வேலையைப் பலர் செய்வதில்லை, நேரமாகும் என்பதால். அதைச் செய்யாத ஆய்வின் எண்ணிக்கையை நாங்கள் நம்பமாட்டோம். இன்றைக்குக் கணினியே வாக்கியத்தைப் படித்து நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றையும் இதே தராசில் நிறுத்த வேண்டும், விதிவிலக்கு கிடையாது. நம் குறிப்புகளில் ஆங்கிலமும் மலாயும் கலந்து, அந்தந்தக் கிளினிக்குக்கே உரிய சுருக்கெழுத்தும் சேர்ந்து கிடப்பதால், பிரிட்டனில் நன்றாக வேலை செய்த கருவி பட்டர்வொர்த்தில் தடுமாறும்.

இந்தச் சுமையைப் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது. மருத்துவர் குறிப்பை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். முடித்து மூடும்போது ஒரு பட்டியலிலிருந்து ஒரே ஒரு நோய்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்குப் பக்கத்தில் உறுதி, சந்தேகம், நோயில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தட்டட்டும். பிரிட்டனில் வெநோம் என்ற பொதுப் பெயர்ப்பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. எல்லாக் கிளினிக்கும் ஒரே பெயரைப் பயன்படுத்தினால்தான் சேர்த்து எண்ண முடியும். நூறு பெயருக்கு மேல் இருந்தால் யாரும் முழுதாகப் பார்க்கமாட்டார்கள், முதலில் கண்ணில் படுவதைத் தட்டிவிட்டு அடுத்த நோயாளியை அழைப்பார்கள். ஆகவே நம் ஊருக்கு முதலில் நாற்பது பெயர் போதும்.

பூனைகள் விஷயத்தில் அவசரம் இன்னும் கூடுதல். மலேசியாவில் பூனைகளுக்கு வரும் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைப் புண் மனிதருக்கும் ஒட்டும். மூக்கிலும் காதிலும் பாதத்திலும் ஆறாத புண்ணாக வரும். அந்தப் புண்ணில் பூஞ்சைக் கிருமி ஏராளமாக இருப்பதால், பூனை கீறினாலோ கடித்தாலோ வளர்ப்பவரின் கையில் முடிச்சு முடிச்சாகப் புண் வரும். கண்ணாடித் தகட்டை ஒற்றிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலே பல பூனைகளில் தெரிந்துவிடும், ஆய்வகத்தில் வளர்த்து உறுதி செய்யலாம். சிகிச்சைக்கு இட்ரகொனசோல் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். புண் மூடிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். இங்குதான் பதிவு கைவிடுகிறது. புண் மூடியதும் பூனை வருவதில்லை. குறிப்பில் கடைசி வரி ‘நன்றாக இருக்கிறது, மருந்து தொடரவும்’. பிறகு குணமானதா, மறுபடி வந்ததா, பூனை ஓடிப்போனதா, இறந்ததா தெரியாது. எத்தனை வாரம் கொடுத்தால் போதும் என்று நம் ஊர்ப் பூனைகளை வைத்துச் சொல்ல முடியாமல் இருப்பதற்கு இந்தக் கடைசி வரிதான் காரணம். முதல் வருகையன்று புண்ணின் அளவை மில்லிமீட்டரில் எழுதி, ஒரு படமும் எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை பார்ப்பவர் வேறு மருத்துவரானாலும் ஒப்பிட முடியும்.

வகுக்கும் எண் இல்லாத கணக்கு கணக்கே அல்ல. ஒரு கிளினிக் இந்த ஆண்டு 60 உண்ணிக் காய்ச்சல் பார்த்தது, சென்ற ஆண்டு 40 என்று வைத்துக்கொள்வோம். நோய் கூடிவிட்டதா? சென்ற ஆண்டு 800 நாய்களும் இந்த ஆண்டு 1,500 நாய்களும் வந்திருந்தால் 5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. நகம் வெட்ட வந்த நாயும் தடுப்பூசிக்கு வந்த நாயும் இந்த வகுக்கும் எண்ணில் சேர வேண்டும். ஆரோக்கியமான நாயின் வருகையை ரசீதில் மட்டும் போட்டு மருத்துவக் குறிப்பில் எழுதாமல் விடும் கிளினிக்கில் எல்லா நோயும் பெரிதாகத் தெரியும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கருத்தடை முகாம் நடக்கும் ஒரே நாளில் அறுபது ஆரோக்கியமான தெருப் பூனைகள் பதிவாகும். அந்த மாதத்தில் பூனை நோய்கள் எல்லாம் குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். முகாமுக்குத் தனிக் குறி வேண்டும். தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் நல்லவர்கள் கொண்டுவரும் பூனைகளோ ஒரே பெயரில், ஒரே தொலைபேசி எண்ணில் நாற்பது ஐம்பது சேர்ந்துவிடும். ‘ஸ்ட்ரே 1’, ‘ஸ்ட்ரே 2’ என்று தொடங்கி, போன மாதம் வந்த ‘ஸ்ட்ரே 7’-தானா இன்று வந்திருப்பது என்று யாருக்கும் தெரியாத நிலைக்குப் போய்விடும்.

வீட்டு நாய்களிலும் அடையாளம் குழம்புகிறது. ஒரே கிளினிக்கில் பத்து டைகர், எட்டு ஜிம்மி, ஐந்து ராணி இருக்கும். ஒரு முறை அப்பா பெயரில் பதிவு, அடுத்த முறை மகள் பெயரில், எண் மாறியதும் மூன்றாவது பதிவு. ஜெலுத்தோங்கில் ஊசி போட்டு, ஆயர் ஈத்தாமில் அறுவை செய்து, ராத்திரி அவசரத்துக்கு வேறெங்கோ ஓடிய நாய், பதிவுகளில் மூன்று நாயாக நிற்கும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் ஒன்றுதான் இதைத் தீர்க்கும். சிப் வைத்த நாயானாலும் ஒவ்வொரு வருகையிலும் கருவியால் படித்து எண்ணைச் சரிபார்ப்பது பத்து வினாடி வேலை. பழைய குறிப்பிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதுவது சரிபார்ப்பு ஆகாது.

சிறு எழுத்துப் பிழைகள் பெரிய ஆய்வையே கெடுக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ஒரு கருவி மில்லிகிராமில் காட்டும், இன்னொன்று மைக்ரோமோலில். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல். அலகு எழுதாமல் ‘1.6’ என்றும் ‘141’ என்றும் எழுதினால், ஒரே அளவு கொண்ட இரண்டு பூனைகளில் ஒன்று செத்துக்கொண்டிருப்பதாகக் கணினி முடிவு செய்யும். இரத்தச் சர்க்கரையில் இரண்டு அலகுகளுக்கும் இடையே 18 மடங்கு வித்தியாசம். பிறந்த நாள் தெரியாவிட்டால் மென்பொருள் ஜனவரி 1 என்று தானே போட்டுக்கொள்ளும். ஆண்டுத் தொடக்கத்தில் குட்டிகள் பொழிந்ததுபோல் ஒரு பொய் உச்சம் வரும். உத்தேச வயது என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம் வெளிநாட்டு மென்பொருள்களில் அடிக்கடி வரும். எடை இன்னும் மோசம். போன முறை எழுதிய எடையே தானாக வந்து நிற்க, அதை மாற்றாமல் விடுகிறார்கள். மருந்தளவு கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் துறையில் இது நோயாளிக்கே ஆபத்து. ஆய்வில், சிறுநீரக நோய் வருமுன் பூனை எவ்வளவு மாதம் மெலிந்துகொண்டே வந்தது என்ற அருமையான தகவலும் இதனால் போய்விடுகிறது. எடையோடு, மெலிவா பருமனா என்று காட்டும், 9-க்கு எத்தனை என்ற உடல்வாகு மதிப்பெண்ணையும் எழுதினால் போதும்.

தடுப்பூசி போடும்போது புட்டியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறிப்பில் ஒட்டாவிட்டால், பின்னால் ஒவ்வாமை வந்தால் எந்தத் தொகுதி என்று தெரியாது. அரிய பின்விளைவுகளை ஒரு கிளினிக் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 3,000 நாய்களுக்குப் போட்டு ஒன்றுக்குக்கூட ஒவ்வாமை வரவில்லை என்றாலும், உண்மையான ஆபத்து ஆயிரத்தில் ஒன்று வரை இருக்க இடமுண்டு. புள்ளியியலில் ‘மூன்றின் விதி’ என்பார்கள்: 3-ஐ மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 300 நாய்களுக்கு ஊசி போடும் கிளினிக்குக்கு அந்த 3,000 சேரப் பத்து ஆண்டு ஆகும். பத்துக் கிளினிக்குகள் சேர்ந்தால் ஓராண்டு.

தனியுரிமை பற்றிய அச்சம் நியாயமானது. வளர்ப்பவரின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி, வீட்டு முகவரி எதுவும் கிளினிக்கை விட்டு வெளியே போகக் கூடாது. வளர்ப்பவரைப் பற்றிப் போக வேண்டியது அஞ்சல் குறியீடு மட்டும். இந்தக் காப்பும் போதாது. அரிய இன நாய் ஒன்று, சிறிய வட்டாரம் ஒன்று, பிறந்த தேதி ஒன்று மூன்றும் சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் யாருடைய நாய் என்று சொல்லிவிடுவார்கள். பிறந்த தேதியை மாதமாகச் சுருக்க வேண்டும், ஒரு வட்டாரத்தில் ஐந்துக்கும் குறைவாக உள்ளவற்றை வெளியிடக் கூடாது. மருத்துவர் எழுதிய வாக்கியங்களுக்குள்ளும் ‘மகன் இன்ன பெயர், இன்ன வேலை, இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று ஒளிந்திருக்கும். அதைக் கண்டு நீக்காமல் எந்த வாக்கியத்தையும் வெளியே தரக் கூடாது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிவிவரத்துக்கும் ஆய்வுக்கும் சில விலக்குகள் தருகிறது. அந்தத் தரவை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது, முடிவுகளில் ஆளை அடையாளம் காட்டக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். விலக்கு இருக்கிறதே என்று சொல்லாமல் எடுப்பது தகாது. முன்கூடத்தில் எல்லா மொழியிலும், தமிழிலும், ஓர் அறிவிப்பு ஒட்டி, வேண்டாம் என்பவர் ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய பிராணியின் பதிவை நீக்கிவிட வேண்டும். லிவர்பூல் திட்டத்திலும் வளர்ப்பவர் விலகிக்கொள்ள இப்படி இடமிருக்கிறது.

இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டாத ஒன்று உண்டு. ஆய்வுக்காகத் திரட்டிய பதிவு, உரிமம் எடுக்காத நாயைத் தேடும் கருவியாகவோ, அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்ப்பவரைப் பிடிக்கும் கருவியாகவோ மாறக் கூடாது. அந்தச் சந்தேகம் ஒரு முறை பரவினால் மக்கள் பொய் முகவரி கொடுப்பார்கள், அல்லது நாயைக் கொண்டுவரவே மாட்டார்கள். வெறிநாய்க்கடி நோய் வேறு. சந்தேகம் வந்தாலே கால்நடை சேவைத் துறைக்கு உடனே தெரிவிப்பது கடமை, அதற்கு ஆய்வுப் பதிவு தேவையில்லை. 2015-இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும் அந்நோய் தலைகாட்டியபோது தெருநாய்களைக் கொல்வதா, ஊசி போடுவதா என்று ஊரே இரண்டுபட்டது. நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டிருந்தால் பரவலைத் தடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நீண்டகால வழிகாட்டல். எந்தத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், அந்த 70 எட்டியிருக்கிறது, எங்கே 20-இல் நிற்கிறது என்று அஞ்சல் குறியீட்டு வாரியாகப் போட்ட ஊசிகளின் கணக்கைக் கிளினிக்குகள் சேர்ந்து கொடுக்க முடியும். மொத்த நாய்களின் எண்ணிக்கையை உள்ளூராட்சி மன்றங்கள் தனியாக எண்ண வேண்டும். அடுத்த முறை நோய் வருமுன் செய்ய வேண்டிய வேலை இது.

எப்படித் தொடங்குவது? பெரிய திட்டம் வேண்டாம். தீவில் மூன்று, பெருநிலத்தில் மூன்று கிளினிக்குகள் மூன்று மாதம் மூன்று நோயை மட்டும் ஒரே விதமாக எழுதட்டும்: உண்ணி பரப்பும் நோய்கள், பூனையின் பூஞ்சைப் புண், எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ். மூன்றாவது நோய் மனிதருக்கும் வருவது, 2010 முதல் மனிதரில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். நாய்க்கு ஊசி போட்டிருந்தால் எதிர்ப்பொருள் சோதனை குழப்பும் என்பதால், கடைசி ஊசியின் தேதியைச் சோதனை முடிவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கணினி இல்லாத கிளினிக் ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதலாம்: தேதி, சிப் எண், இனம், பால், கருத்தடை ஆனதா, வயது, எடை, அஞ்சல் குறியீடு, சோதனையின் பெயர், முடிவு, மருந்தும் அளவும், கடைசி நிலை. பன்னிரண்டு கட்டம், ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம். சேர்த்துப் பார்க்கும் பொறுப்பைச் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடம் போன்ற ஒரு கல்வி நிலையம் ஏற்பதே முறை. மருந்து விற்பவரிடமோ பிராணி உணவு விற்பவரிடமோ ஒப்படைக்கக் கூடாது. கிளினிக்கின் பெயரும் குறியீடாக மாற வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய கிளினிக்கில் அதிகம் சாகிறது என்ற ஒப்பீட்டுக்குப் பயந்து ஒருவரும் சேரமாட்டார்கள்.

கிளினிக் நடத்துவோருக்கு இன்னொன்று. மென்பொருளை மாற்றுமுன் பழைய பதிவுகள் அனைத்தையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்து, திறந்து பார்த்து, வரிகளை எண்ணிச் சரிபாருங்கள். புதிய மென்பொருள் விற்பவர் ‘எல்லாம் மாற்றித் தருகிறோம்’ என்பார். பில் மாறும், மருத்துவக் குறிப்பு பாதியில் அறுந்துபோகும், ஆய்வக முடிவுகள் படமாக மட்டும் இருப்பதால் வராமலே போகும். ரசீதில் ‘ஊசி’ என்று மட்டும் போட்ட பழக்கத்தையும் நிறுத்துங்கள். மருந்தின் பெயரும் அளவும் இல்லாத ‘ஊசி’யை வைத்து எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது.

வாசகர்களுக்கு: கடையிலோ இணையத்திலோ வாங்கிப் போட்ட உண்ணி மருந்தின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது எந்தக் கிளினிக் பதிவிலும் இல்லை. பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்திருந்தால் தயங்காமல், உடனே சொல்லுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கலாம். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தே சிகிச்சை. கிளினிக் மாறினால் பழைய அட்டையையும் ஆய்வக முடிவுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, எங்கள் பதிவுகளில் உள்ள மிகப் பெரிய ஓட்டை. வீட்டில் இறந்த பிராணியைப் பற்றி யாரும் கிளினிக்குக்குச் சொல்வதில்லை. துக்கத்தில் அது நினைவுக்கு வராது, இயல்புதான். ஆனால் பதிவில் அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கிறது. இருபத்தேழு வயது நாய்களும் முப்பது வயதுப் பூனைகளும் கணினியில் உலவுகின்றன, ஊசி நாள் வந்துவிட்டது என்று அவற்றின் வீடுகளுக்குச் செய்தியும் போகிறது. நம் ஊர் நாட்டு நாய் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்கிறது, சிறுநீரக நோய் கண்டறிந்த பூனை அதற்குப் பின் எவ்வளவு காலம் இருக்கிறது என்று வளர்ப்பவர் கேட்கும்போது, இங்கிலாந்தின் எண்ணைத்தான் எடுத்துச் சொல்கிறோம். ஒரு வாரம் கழித்தாவது கிளினிக்கை அழைத்து, பிராணியின் பெயர், இறந்த தேதி, கடைசி நாட்களில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அழைப்பை எடுப்பவர் ‘இறந்தது’ என்ற கட்டத்தைக் குறித்து, தேதியையும், தானாக இறந்ததா, கருணை ஊசியா, காரணம் என்ன என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஜெலுத்தோங், பினாங்கு.